எந்தக் காற்றின் அலை இது?

ஆடி மாதத்தில் ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும்போது வண்டியின் இரண்டு சன்னல்களிலும் ஒரே கடல் தெரியாது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அலை உருண்டு வந்து கரைக் கற்களில் மோதும், சாரல் சாலை வரைக்கும் தெறிக்கும், கண்ணாடியை இறக்கினால் உதட்டில் உப்புக் கரிக்கும். இடப்பக்கம் பாக் விரிகுடா. அங்கே தண்ணீர் கண்மாய் போலக் கிடக்கும். மேல்தோல் மட்டும் சிலிர்த்துச் சிலிர்த்துக் கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் இருக்கிற மணல் திட்டை சில இடங்களில் ஒரு பீடி முடிவதற்குள் நடந்து கடந்துவிடலாம்.

இதற்கு அங்கே ஒரு தயார் வசனம் உண்டு: தெற்கே இருப்பது ஆண் கடல், வடக்கே இருப்பது பெண் கடல். என்னிடம் அதை ஒப்பித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரரை, பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் பாதியிலேயே நிறுத்தினார். "அதெல்லாம் இப்பத்தான் தம்பி. மார்கழி பொறந்து வாடை எடுக்கட்டும், அப்ப வந்து பாருங்க. வடகடல் ஆம்பளையாயிரும், தென்கடல் பொம்பளையாயிரும்."

கரைவலை இழுப்பவர்களுக்கு இது வேடிக்கைப் பேச்சில்லை, பிழைப்புக் கணக்கு. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் வடகடல் ஓரத்தில் வலை விடுவார்கள். வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் மாதங்களில் தென்கடல் ஓரத்துக்கு மாறிவிடுவார்கள். கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. காற்று திசை மாறியதும் எது அலைக்கரை, எது அமைதிக்கரை என்பது தலைகீழாகிவிடுகிறது. செய்தியில் "கடல் சீற்றம்" என்ற ஒரே சொல்லை ஆண்டு முழுவதும் போட்டு ஒப்பேற்றுகிறோமே, அதில் இந்த வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை. கரையில் வந்து உடைகிற அலை எந்தக் காற்றுக்குப் பிறந்தது என்று கேட்டால்தான் அது எவ்வளவு நேரம் இருக்கும், எந்த ஊரைத் தாக்கும், எதைக் கொண்டுபோகும் என்பதெல்லாம் பிடிபடும்.

காற்று ஓடுகிற வெளி

ஒரு காற்று எவ்வளவு பெரிய அலையை எழுப்பும் என்பது மூன்று விஷயங்களில் அடங்கியிருக்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம், தடையில்லாமல் தண்ணீரின் மேல் எவ்வளவு தூரம். வேகம் எல்லோருக்கும் தெரியும். நேரமும் யோசித்தால் தெரியும். மூன்றாவதைத்தான் மறந்துவிடுகிறோம். தனுஷ்கோடியின் வடகரையில் கச்சான் காற்று அசுர வேகத்தில்தான் வீசுகிறது, தலைத்துண்டு பறக்கிறது. ஆனாலும் அந்தக் காற்று இப்போதுதான் மணலை விட்டுத் தண்ணீரில் கால் வைத்திருக்கிறது. அலையை வளர்க்க அதற்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை. அதே காற்று விரிகுடாவைக் கடந்து நெடுந்தீவுப் பக்கம் போய்ச் சேரும்போது அலையோடுதான் சேரும். யாழ்ப்பாணத்தில் இந்தக் காற்றுக்குச் சோழகம் என்று பேர். சோழகக் காலத்தில் நெடுந்தீவுப் படகில் போனவர்களைக் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்வார்கள்.

தூரமும் நேரமும் தாராளமாகக் கிடைத்துவிட்டால் அப்புறம் வேகம்தான் எஜமான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நாள்கணக்கில் வீசுகிற காற்று, ஆழ்கடலில் ஏறக்குறைய 2.5 மீட்டர் அலையைத் தரும். வேகம் 54 கிலோமீட்டராக ஏறினால் அலை 5 மீட்டரைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான், உயரமோ இரண்டு மடங்குக்கு மேல். வளர்ந்து முடிந்த அலையின் உயரம் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது என்பது கணக்கு. இதனால்தான் பருவக்காற்று கொஞ்சம் வலுத்தாலும் கடல் ஆளே மாறிப்போகிறது.

ஆழமும் ஒரு கடிவாளம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டர் ஆழத்துக்கு உள்ளேதான். மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. மார்கழி வாடையில் வடகடல் "ஆம்பளை" ஆகிறதே, அந்தக் கோபம் கலங்கிய தண்ணீரில், குட்டை குட்டையாக, நாலைந்து நொடிக்கு ஒன்றாக நெருக்கியடித்து வரும் அலை. வள்ளத்தைத் தூக்கிப் போடாது, விடாமல் குலுக்கும். ஆடி மாதத் தென்கடலின் அலை நீளமானது. ஏற்றி வைத்து, கொஞ்சம் யோசித்து, இறக்கும். இரண்டிலும் போனவர்கள் கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கடலில் இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள்.

சோமாலியாவிலிருந்து குளச்சல் வரை

வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலானவற்றில் காற்று ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே திசையில் வீசும். பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் கப்பல்கள் நம்பியிருந்த வணிகக் காற்று அதுதான். இந்தியப் பெருங்கடலின் வடபாதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடக்கே ஆசியா என்கிற பெரிய நிலம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோடையில் அது காய்கிறது, குளிர்காலத்தில் ஆறுகிறது. அந்த இழுப்புக்கும் தள்ளலுக்கும் ஏற்பக் காற்று ஆண்டுக்கு இரண்டு முறை திசையைத் திருப்பிக்கொள்கிறது. கூடவே அலையும் திரும்புகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று பிறப்பது நாம் நினைக்கிற அரபிக்கடலில் இல்லை. மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்கும் தெற்கே நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. வடமேற்காக ஓடிவந்து கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் முட்டுகிறது. அந்தச் சுவரை ஒட்டியே கென்யா அருகில் நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பி, சோமாலியக் கரையை உரசிக்கொண்டு அரபிக்கடலுக்குள் பாய்கிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இந்த ஓட்டம் ஒரு ஆறுபோல ஒடுங்கிப் பாய்வதை 1969-இல் ஜான் ஃபைண்ட்லேட்டர் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் விளக்கி எழுதினார். வானிலைக்காரர்கள் இன்றும் அதை அவர் பேரிலேயே குறிப்பிடுகிறார்கள்.

அலைக்குத் தேவையான மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். வேகம் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிற்காமல் வீசுகிற நேரம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியக் கரை வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் குறுக்கே ஒன்றுமில்லாத வெளியும் இருக்கிறது. ஜூலையில் சொகோத்ரா, ஓமன் பக்கத்துக் கடலில் சராசரி அலையே 4 மீட்டரை ஒட்டி நிற்கும். உலகின் வெப்பமண்டலக் கடல்களில் புயல் இல்லாமல், வெறும் பருவக்காற்றிலேயே இவ்வளவு உயர அலை மாதக்கணக்கில் நிற்பது வேறெங்கும் அரிது. சொகோத்ரா தீவுக்கு அந்த மாதங்களில் பாய்மரக் கப்பல் அண்ட முடியாது என்பது மாலுமிகளின் பழைய பாடம். தூத்துக்குடித் தோணிக்காரர்களும் அந்த மாதங்களில் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு மராமத்து வேலை பார்ப்பார்கள்.

நம் மேற்குக் கரைக்கு வரும்போது காற்று கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் அலை அவ்வளவு தூரமும் கூடவே வளர்ந்து வந்திருக்கும். நீரோடி, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் ஆனி ஆடியில் 2.5, 3 மீட்டர் அலை சாதாரணம். அதே காற்று மலை இடைவெளியில் நெருக்கி நுழைந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவிடுகிறது. அந்த இறக்கைகள் மும்முரமாகச் சுற்றும் நாளில், மலைக்கு அந்தப் பக்கத்து மேற்குக் கடற்கரை ஊர்களில் கட்டுமரம் மணலில்தான் கிடக்கும்.

கரையையும் இந்த அலை சும்மா விடாது. மே மாதம் அகலமாக விரிந்து கிடந்த மணற்கரையை ஜூன் இறுதிக்குள் வெட்டி எடுத்துக் கடலுக்குள் கொண்டுபோய் ஒரு திட்டாகப் போட்டுவிடும். தென்னையின் வேர் வெளியே தொங்கும். பேப்பரில் "கடல் ஊருக்குள் புகுந்தது" என்று படம் வரும். புரட்டாசி ஐப்பசியில் காற்று விட்டதும், நீளமான மெதுவான அலைகள் அந்தத் திட்டிலிருந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தள்ளும். மார்கழியில் போய்ப் பார்த்தால் கரை பழையபடி கிடக்கும். கடலுக்குள் வைத்துவிட்டு எடுக்கிற சேமிப்பு மாதிரி. நடுவில் ஒரு கல்சுவரைக் கட்டினால் இந்த வரவுசெலவு கெட்டுவிடுகிறது. எடுப்பது நிற்காது, திருப்பித் தருவது நின்றுபோகும். சுவருக்கு முன்னால் மணல் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்தப் பெருங்கொந்தளிப்புக்கு நடுவே கேரளத்தில் ஆலப்புழை, புறக்காடு பக்கம் ஒரு விசித்திரம் நடக்கும். சுற்றிலும் கடல் கொதிக்க, கரையோரம் சில கிலோமீட்டருக்கு மட்டும் தண்ணீர் எண்ணெய் விட்டதுபோல அடங்கிக் கிடக்கும். மலையாளத்தில் அதற்குச் சாகரை என்று பேர். அடியில் கிடக்கும் களி, பருவக்காற்றின் அலையால் கலங்கிக் கூழாகிவிடுகிறது. அடுத்து வரும் அலை அந்தக் கூழை ஆட்டுவதிலேயே தன் பலத்தைத் தொலைத்துவிட்டு, உடையாமலே படுத்துவிடுகிறது. அலை தானே கலக்கிய சேற்றில் தானே மாட்டிக்கொள்கிறது. மற்ற ஊரில் வள்ளம் இறங்காத நாட்களில் அங்கே மட்டும் மீன் வந்து குவியும்.

அலையில் இருக்கும் சக்தி உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மீட்டர் அலையைவிட மூன்று மீட்டர் அலைக்கு ஒன்பது மடங்கு பலம். விழிஞ்ஞத்தில் துறைமுகத் தடுப்புச்சுவரை ஒட்டி, சென்னை ஐஐடியின் ஆய்வாளர்கள் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஒன்றை 1991-இல் இயக்கிப் பார்த்தார்கள். அலை உள்ளே ஏறி இறங்கும்போது மேலே இருக்கும் காற்றை அழுத்த, அந்தக் காற்று சுழலியைச் சுற்றும். யோசனை அருமைதான். ஆனால் ஆனி ஆடியில் அடிக்கிற அடியையும் தாங்க வேண்டும், மாசி பங்குனியின் சோம்பல் அலையிலும் சுற்ற வேண்டும். பருவக்காற்றுக் கடலில் இப்படி இயந்திரம் செய்வது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சட்டை தைப்பது மாதிரி.

கிழக்குக் கரையின் மணல்

குளச்சலில் மூன்று மீட்டர் அலை அடிக்கும் அதே நாளில் சென்னை மெரினாவில் சுண்டல் விற்பனை நடந்துகொண்டிருக்கும். கிழக்குக் கரைக்குத் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று, அதாவது தனுஷ்கோடியின் வடகரைக் கதைதான். ஆனாலும் கடல் முழுசாகத் தூங்காது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் வங்கக் கடலுக்குள் நுழைந்து, ஆழம் குறையக் குறைய வளைந்து, கரையைச் சற்றே சாய்வாக வந்து தொடும். சாய்வாக வருவதுதான் முக்கியம். ஒவ்வொரு அலையும் ஏறும்போது மணலை வடக்குப் பார்த்துச் சாய்வாகத் தூக்கிப்போகும், இறங்கும்போது நேராக இறக்கிவிடும். ஒரு அலைக்கு ஒரு சாண் என்று வைத்துக்கொண்டாலும், நாளெல்லாம் மாதமெல்லாம் என்றால் மணல் ஊர்வலமாக வடக்கே நகர்கிறது.

ஐப்பசிக்கு மேல் வாடை எடுத்ததும் அலை வடகிழக்கிலிருந்து வரும். மணல் அப்படியே திரும்பித் தெற்கே போகும். ஆனால் வாடையின் மாதங்கள் குறைவு. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போன கணக்கில்தான் நிற்கும்.

இந்தக் கணக்குத் தெரியாமல் குறுக்கே கல்லைப் போட்டதன் விளைவுதான் மெரினாவே. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் வேலை 1870-களில் தொடங்கியது. வடக்கே போகிற மணல் சுவரில் முட்டித் தெற்கே தங்கியது, கடற்கரை அகலமாகிக்கொண்டே போனது. சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் மணல் வரவு நின்றது, கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே கருங்கல் கொட்டாத இடம் கொஞ்சம்தான். நகரத்துக்கு உலாவ இடம் கிடைத்தது, அதற்கான விலையை வடசென்னைக் குப்பங்கள் கட்டின. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுகச் சுவர்களும் இதையே செய்தன. காந்தி சிலைக்கு முன்னால் மணல் மறைந்து பாறை மட்டும் மிஞ்சியது. 2018-இல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கி அலையைத் தணித்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது. பருவக்காற்று எந்தப் பக்கம் எத்தனை மாதம் வீசுகிறது என்ற ஒற்றைக் கணக்கு, ஒரு ஊருக்குக் கடற்கரை உண்டா இல்லையா என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

வாடை ஏன் கச்சானைவிட இளைத்தது? இமயமலைதான் காரணம். குளிர்காலத்தில் வட ஆசியாவின் கனத்த குளிர்காற்று தெற்கே சரியப் பார்க்கிறது, மலை மறித்துவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது வடிகட்டியது. மறிக்க மலையில்லாத தென்சீனக் கடலில் பாத்திரம் மாறிவிடுகிறது. அங்கே வடகிழக்குக் காற்றுதான் பெரிய ஆள். சைபீரியாவிலிருந்து சீனா வழியாகக் குளிர்காற்று அலையலையாக இறங்கும்போதெல்லாம் வியட்நாம் முதல் மலேசியாவின் கிழக்குக் கரை வரை கடல் எழும்பும். கிளந்தான், திரங்கானு பக்கத்துத் தீவு விடுதிகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூட்டிக் கிடப்பது அதனால்தான்.

காற்றே இல்லாத நாளில் வரும் அலை

இதுவரை சொன்னது நம்மேல் வீசும் காற்றின் அலை. சித்திரை வைகாசியில் வருவது வேறு ஜாதி. அப்போது மேற்குக் கரையில் கச்சான் இன்னும் பிறந்திருக்காது. இலை அசையாது. கடல் தகடுபோலக் கிடக்கும். மழையில்லை, மேகமில்லை. திடீரென்று தண்ணீர் ஏறி வந்து, மணலில் இழுத்து வைத்த வள்ளத்தைத் தூக்கும், வலைக் கூடத்துக்குள் புகும். கேரளத்து மீனவர்கள் இதற்கு வைத்த பேர் கள்ளக்கடல், திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால். அந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது.

இந்த அலையைப் பெற்ற காற்று இங்கே இல்லை. தெற்கே 40, 50 பாகைக்கும் கீழே, அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடலில் வீசிய புயற்காற்று அது. அங்கே எழுந்த அலைகள் புயலை விட்டுப் பிரிந்து தனியாகப் பயணம் கிளம்புகின்றன. ஆங்கிலத்தில் ஸ்வெல் என்பார்கள். வழியில் ஒரு அழகான வேலை நடக்கிறது. ஆழ்கடலில் நீண்ட அலை வேகமாகப் போகும், குட்டை அலை பின்தங்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 20 நொடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் போகும். 10 நொடி அலைக்கூட்டத்துக்கு அதில் பாதிதான். தெற்கே 40 பாகையிலிருந்து குமரிக்கு 5,300 கிலோமீட்டர். முதல் கூட்டம் நாலு நாளில் வந்துவிடும், இரண்டாவதற்கு எட்டு நாள் ஆகும். பந்தயத்தில் ஓடுபவர்கள்போல வழியிலேயே பிரிந்து, நீளத்தின் வரிசைப்படி வந்து சேர்கிறார்கள். வால்டர் மங்க் என்ற கடலியலாளர் இந்த வரிசையைப் பின்னோக்கிக் கணக்குப்போட்டே, அலை எந்தத் தொலைவில் எந்த நாளில் பிறந்தது என்று கண்டுபிடித்தார். 1950-களில் மெக்சிகோவுக்கு அப்பால் உள்ள குவாதலூப் தீவில் அவர் அளந்த அலைகளில் சில, இந்தியப் பெருங்கடலில் பிறந்து பசிபிக்கைக் கடந்து வந்தவை என்று அப்படித்தான் தெரிந்தது.

இருபது நொடி அலை ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. படகில் இருப்பவருக்கு அது கடந்து போவதே தெரியாது. ஆனால் அதன் நீளம் 600 மீட்டருக்கு மேல், நீளத்தில் பாதி அளவு ஆழத்திலேயே அடி தட்டத் தொடங்கிவிடும். ஆறு நொடி அலை முப்பது மீட்டர் ஆழத்துக்குள் வந்தபிறகுதான் தரையை உணரும். நீண்ட அலை 300 மீட்டரிலேயே உணர்ந்து, மெதுவாகி, பின்னால் வருவது முன்னால் போவதன்மேல் நெருங்க, கரையில் ஆளுயரத்துக்கு எழுகிறது. உடைந்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். பின்வாங்கும்போது அதே அளவுக்கு இழுக்கும். பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கள்ளக்கடல் சித்திரை வைகாசியில் அதிகம் பேசப்படுவதற்குக் காரணம், தென்பாதியில் அப்போது குளிர்காலம் நெருங்கிப் புயல்கள் வலுப்பதோடு, நம் பக்கம் காற்று ஓய்ந்து கிடப்பதும்தான். ஆனி ஆடியிலும் தெற்கிலிருந்து இந்த அலைகள் வந்துகொண்டேதான் இருக்கும். சந்தைக்கடை இரைச்சலில் ஒருவன் பாடுவது கேட்காததுபோல, கச்சான் எழுப்பிய அலைக்குள் அவை மறைந்துவிடும். கடல் சும்மா இருக்கும் மாதத்தில்தான் அந்நிய அலை கண்ணில் படுகிறது. சும்மா இருக்கும் மாதம் என்பதால்தான் கரையில் விடுமுறைக் கூட்டமும் இருக்கிறது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துக்கொண்டுபோய் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முந்தைய நாட்களிலேயே வந்திருந்தது. வானம் தெளிவாக இருந்தால் எச்சரிக்கையை யாரும் நம்புவதில்லை.

அறிவிப்பை வாசிப்பது

ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், வெளியிடும் அறிவிப்பு நம் செய்திகளில் ஒரே வார்ப்பில் வரும்: நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை இத்தனை மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பும், கவனம் தேவை. அந்த மீட்டர் எதைக் குறிக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு நேரத்தில் வரும் அலைகளை உயர வரிசைப்படி அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் வருகிற எண் அது. இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கரையிறக்க நாள் பார்த்துக் கொடுக்கும் வேலையில் ஸ்வெர்ட்ரப் என்ற கடலியலாளரும் முன்பு சொன்ன மங்கும் இந்த அளவைக் கொண்டுவந்தார்கள். பழகிய மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்துக்கு இது ஒத்துப்போகும். ஆனால் 2.5 மீட்டர் என்றால் 2.5-க்கு மேல் வராது என்று அர்த்தமில்லை. மூன்று மணி நேரம் அந்தக் கடலில் இருந்தால், ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு அலையாவது வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். துறைமுக வாயில் தாண்டும் நேரத்தில் அந்த ஒன்று வந்தால் போதும்.

உயரத்தோடு இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும்: இடைவெளி எத்தனை நொடி, எந்தத் திசை. 2 மீட்டர், 6 நொடி, வடகிழக்கு என்றால் அது வாடையின் அலை. நாகப்பட்டினத்துக்குத் தொல்லை, குளச்சலுக்கு ஒன்றுமில்லை. 2 மீட்டர், 10 நொடி, மேற்கு என்றால் கச்சான். 1 மீட்டர், 18 நொடி, தெற்கு என்றால் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது, மூன்றிலும் கரைக்கு மோசமானது இதுதான்.

இந்த மூன்றையும் தினமும் தவறாமல் பார்ப்பவர்கள் அலைச்சறுக்குக்காரர்கள். இலங்கையில் பொத்துவிலை ஒட்டிய அறுகம் குடாவில் அவர்களின் பருவம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடியும். நவம்பர் பிறந்ததும் கும்பல் அப்படியே தீவின் தென்மேற்கே ஹிக்கடுவைக்கும் வெலிகமவுக்கும் பெயர்ந்துவிடும். தெற்கிலிருந்து ஓடிவரும் நீண்ட அலை இரண்டு கரைக்கும் உண்டு. அவர்கள் தேடுவது கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அது அலையின் நெற்றியைப் பிடித்து நிறுத்திச் சீராக உடையவைக்கும். எதிர்ப்பக்கம் வீசினால் அதே அலை கந்தலாகிவிடும். தனுஷ்கோடிக் கரைவலைக்காரர்கள் வலையை மாற்றிப்போடுகிற அதே காற்றுக் கணக்கு, பலகையோடு.

பருவத்தை நம்பியே கடலுக்குப் போகிற ஊர்களில் அந்தக் கணக்கு தவறிய நாள் மறக்காது. கார்த்திகை என்றால் குமரியின் மேற்குக் கடலில் கச்சான் ஓய்ந்து, ஆழ்கடலுக்குப் பயமில்லாமல் போகும் காலம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அந்தக் கடலில்தான் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

போன சித்திரையில் ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கரையில் நின்றிருந்தேன். காற்று சுத்தமாக இல்லை, கால் நனைக்கிற அளவுக்குத்தான் அலை. தோளில் எஞ்சினைச் சுமந்து வந்த இளைஞர் ஒருவர் அதை இறக்கிவைத்துவிட்டுப் போனைத் திறந்து பார்த்தார். "எவ்வளவு?" என்று கேட்டார் வள்ளத்தின் மறுபக்கத்தில் நின்ற அவருடைய சித்தப்பா. "ஒண்ணே கால்தான் சித்தப்பா. ஆனா பதினெட்டு செகண்டு காட்டுது." பெரியவர் கடலைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டு, வள்ளத்தைத் தென்னைமரங்களுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள்.